போதும் என்று யாரிடம் சொல்வது?

ஒரே பந்தலின் கீழ், ஒரே மனிதர் வாயிலிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மதங்களைக் கேட்டுவிட்டு வந்தவன் நான். இரண்டுக்கும் பெயர் கிறிஸ்தவம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதில் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை மனத்துக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, மரியாதைக்காரன் என்ற பெயரோடு காலம் தள்ளிவிடலாமா என்று சில மாதங்கள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகிற சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். மூங்கில் காட்டில் தோன்றியவர் என்று சொல்லப்படும் வாசீசுவரர் கோயில்தான் எங்கள் ஊருக்கு முகவரி. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. இப்போது அதைவிடப் பெரிய பெருமை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது சதுர அடியின் விலை. காக்களூர்த் தொழிற்பேட்டையும், கும்மிடிப்பூண்டியும், ஸ்ரீபெரும்புதூரும் சுற்றிலும் புகை விட, நடுவில் கிடக்கும் வயல்களில் எல்லாம் வெள்ளைக் கல் நட்டு வர்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். நெல் விளைந்த இடத்தில் ‘நகர்’ விளைகிறது. விடியற்காலையில் சாலையில் நின்றால் தொழிற்சாலை வண்டிகள் வரிசையாக வந்து நின்று, பையும் சாப்பாட்டு டப்பாவுமாய் நிற்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அவர்களில் பாதிப்பேர் பேசுவது தமிழ் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்.

அப்படி முளைத்த நகர் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு கட்டினார். நல்ல மனிதர். என் கதைகளைப் படிப்பவர். அந்த ஒரு குற்றத்தைத் தவிர அவர் மேல் சொல்வதற்கு அன்றுவரை எனக்கு எதுவும் இருந்ததில்லை. வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைத்தார். போனேன். வாசலில் பளபளவென்று புதுக் கார். அதன் முன்கண்ணாடியில் ஒரு வேத வசனம். பந்தலில் வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள். முதல் வரிசையில் பெயர் எழுதி ஒட்டிய சோபாக்கள். “எழுத்தாளர் சார், நீங்க முன்னாடி வாங்க!” என்று என்னையும் ஒரு சோபாவில் உட்கார்த்தி வைத்தார்கள். உட்கார்ந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் நான் யாரைக் குறை சொல்கிறேனோ அவர்களைவிட மோசமானவனாகிவிடுவேன்.

பிரசங்கியார் பேச ஆரம்பித்தார். குரல் வளம் உள்ளவர். இந்த வீடு ஆசீர்வாதத்தின் அடையாளம் என்றார். இந்தக் கார் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்றார். ஆண்டவருக்குப் பிரியமானவர்கள் வாடகை வீட்டில் இருக்க மாட்டார்கள் என்றும், ராஜாவின் பிள்ளைகள் ராஜாவின் பிள்ளைகளைப் போலத்தான் வாழவேண்டும் என்றும், அடுத்த ஆண்டு இதே குடும்பத்துக்கு இரண்டாவது வீடு வரும் என்றும் சொன்னார். பந்தல் முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. வாடகை வீட்டில் இருக்கிற ஒரு ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஸ்தோத்திரம் என்றார். ஆனால் சற்று மெதுவாக.

ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது வீட்டுக்காரர் பிரசங்கியாரிடம் ஏதோ சொன்னார். அவரும் மலர்ந்த முகத்தோடு பந்தலின் பின்பக்கம் போனார். அங்கே அந்த வீட்டைக் கட்டியவர்கள் தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்தார்கள்: கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுகிற வடநாட்டுப் பையன்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் அல்லவா? சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? மனநிறைவுதான் பெரிய செல்வம் என்றார். இருப்பதில் திருப்தியாய் இருங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து ஏங்காதீர்கள், எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள், ஆண்டவர் தாழ்மையானவர்களை உயர்த்துவார் என்றார். அவர்களில் பாதிப்பேருக்கு அவர் பேசிய மொழியே புரியவில்லை. புரிந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

முன்பந்தலில் ராஜாவின் பிள்ளைகள்! பின்பந்தலில் மனநிறைவு! இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு துணித் திரை.

நான் கை கழுவப் போன இடத்தில் ஒரு சித்தாள் அம்மாள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வேலைக்குத் தோதாகச் சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. பேச்சுக் கொடுத்தேன்.

“சாமியார் நல்லாப் பேசினாரு இல்லம்மா?”

“பேசினாரு சார். நாலு வாரமா கூலி நிக்குது சார். மேஸ்திரியாண்ட கேட்டா ஓனரு குடுக்கலேன்றாரு. ஓனராண்ட நாங்க எப்பிடிக் கேக்கறது? நீங்க அவருக்குத் தெரிஞ்சவருதானே? ஒரு வார்த்த சொல்றீங்களா?”

சொல்கிறேன் என்றேன். பிறகு போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். சந்தோஷமான நாளில் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையின் சண்டை அந்தப் பிரசங்கியாரோடு மட்டும் அல்ல என்பது வாசகர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

*

‘நீ சைவன். எங்கள் வேதத்தைப் பற்றி உனக்கு என்ன?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மிஷன் பள்ளியில் படித்தவன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாலும், அந்தப் பள்ளியில் காலைதோறும் கேட்ட கதைகள் என்னை விட்டு நிற்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த நூலைப் போலப் பாடம் சொல்லிக் கொடுக்கிற நூல்கள் குறைவு. தச்சன் வீட்டுப் பிள்ளை, மீன்பிடிக்கிறவர்களோடு நடந்தவர், சாவதற்கு முந்திய இரவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியவர். இப்படி ஒரு நாயகனை வைத்துக்கொண்டு, சோபாவுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற சாமர்த்தியம் எந்தக் கதாசிரியனுக்கும் வராது.

அந்தக் கார்க் கண்ணாடியில் இருந்த வசனத்தைச் சொல்லுகிறேன். எதையும் செய்ய எனக்குப் பலம் உண்டு என்ற பொருளில் பவுல் எழுதியது. நம் ஊர்க் கார்களிலும், கடைகளிலும், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் அட்டைகளிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் அந்த மனிதர் அதை எங்கே இருந்து எழுதினார்? சிறையில் இருந்து. பிலிப்பி பட்டணத்துச் சபையார் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் அது. அந்த வரிக்குச் சற்று மேலே என்ன இருக்கிறது? பட்டினி கிடக்கவும் எனக்குத் தெரியும், நிறைவாய் இருக்கவும் தெரியும், எந்த நிலையிலும் போதும் என்றிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். எதைச் செய்யப் பலம் என்றால், இதைச் செய்யத்தான் பலம்! கார் வாங்குகிற பலத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. கார் இல்லாமல் இருக்கிற பலத்தைப் பற்றிப் பேசினார். மேல் வரியை வெட்டிவிட்டுக் கீழ் வரியைக் கண்ணாடியில் ஒட்டுவது, ஒருவருடைய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது போன்ற காரியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘போதும்’ என்று அவர் சொன்னது தம்மைப் பற்றி. தம் வயிற்றைப் பற்றி. கூடாரம் தைத்துத் தம் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டவர் அவர். பிறருடைய வயிற்றைப் பார்த்து ‘உனக்கு இது போதும்’ என்று சொல்ல அவர் எழுதவில்லை. ‘எனக்குப் போதும்’ என்பது துறவு. ‘உனக்குப் போதும்’ என்பது கணக்கு. எழுத்தில் பார்த்தால் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் மதமே மாறிப்போகிறது.

பின்பந்தலில் இருந்தவர்களுக்கு வேதத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? யாக்கோபு எழுதிய சிறிய நிருபம் ஒன்று இருக்கிறது. ஐந்தே அதிகாரங்கள். பொன் மோதிரம் போட்டவனைக் கண்டு ‘இங்கே நல்ல இடத்தில் உட்காரும்’ என்பதும், கந்தை கட்டியவனைக் கண்டு ‘அங்கே நில், அல்லது என் காலடியில் உட்கார்’ என்பதும் என்ன நியாயம் என்று அவர் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். எங்கள் பந்தலை நேரில் பார்த்துவிட்டு எழுதினாற்போல் இருக்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் ஐசுவரியவான்களைக் கூப்பிட்டு, உங்கள் வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரல் இடுகிறது, அது ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது என்ற கருத்தில் எச்சரிக்கிறார். குழாயடியில் நான் கேட்டதும் அந்தக் குரல்தான். ஆண்டவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, என் காதுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

கூலி பாக்கி இருக்கிறவனிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவன் உபதேசம் செய்யவில்லை, வாய்தா வாங்குகிறான்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தெரிந்த உண்மையா என்றால் அதுவும் இல்லை. அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் இதையே அழகாகச் சொல்லியிருக்கிறார். பணிவு எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் செல்வருக்கு அது இன்னொரு செல்வம் என்கிறார். யாரைப் பார்த்துச் சொல்கிறார்? செல்வரைப் பார்த்து! ஏற்கெனவே குனிந்து செங்கல் தூக்குகிறவளைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் குனி’ என்று சொல்ல ஒரு திருவள்ளுவர் தேவையில்லை. அதற்கு மேஸ்திரி போதும்.

*

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த கிறிஸ்தவர். அரசு உத்தியோகஸ்தர். அவர் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

“உங்களுக்குத் தாழ்மை ஒரு புண்ணியம். எங்க தாத்தாவுக்கு அது தண்டனை. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் தெருவுல நடந்தாரே, அது தாழ்மையா? கோவிலுக்குள்ளேயே எங்களுக்குத் தனி இடம் ஒதுக்கினாங்களே, அது தாழ்மையா? இன்னைக்கு என் பையன் கோட்டுப் போட்டுக்கிட்டுக் கார்ல ஆலயத்துக்கு வந்தா, அது உங்க கண்ணுக்கு ஆடம்பரமாத் தெரியுது. எனக்கு அது விடுதலையாத் தெரியுது.”

பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. அவர் சொன்னதில் பொய் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் உட்கார்வதற்கென்றே இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டிய தேவாலயம் உண்டு. இடையிலிருந்த தடுப்பை எடுக்கப் பெரும் போராட்டமே நடந்தது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய காரணத்தால் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தி வைத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். இப்படி நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பிள்ளை காரில் வந்தால், வரட்டும்! தலை நிமிர்ந்து வரட்டும். பிறர் சுமத்திய தாழ்வைத் தாழ்மை என்று பெயர் மாற்றி அழைப்பதை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நிமிரத் தெரிந்தவன் குனிந்தால்தான் அது பணிவு. நிமிரவே விடாதவனைக் குனிந்திருக்கிறான் என்று பாராட்டுவது அயோக்கியத்தனம்.

ஆனால் நண்பரை நான் திருப்பிக் கேட்டேன்: “சார், உங்க பையன் கார்ல வர்றது விடுதலை. சரி. கார் இல்லாம வர்றவனை ஆண்டவர் கைவிட்டுட்டார்னு அந்தப் பந்தல்ல சொன்னாங்களே, அது யாருக்கு விடுதலை? உங்க தாத்தாவுக்கும் கார் இல்லையே. அவரையும் ஆண்டவர் கைவிட்டுட்டாரா?”

அவர் பேசவில்லை. நானும் வென்றுவிட்டதாக நினைக்கவில்லை. இருவரும் காப்பி சாப்பிட்டோம்.

செல்வமே அருளின் அடையாளம் என்ற போதனையில் உள்ள கொடுமை இதுதான். வைத்திருப்பவனை அது கர்வப்படுத்துகிறது என்பது சின்னக் கேடு. இல்லாதவனைப் பாவியாக்குகிறது என்பதுதான் பெரிய கேடு. நேற்றுவரை அவன் ஏழையாக மட்டும் இருந்தான். இந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு ஏழையாகவும் இருக்கிறான், விசுவாசத்தில் குறைந்தவனாகவும் ஆகிறான். பட்டணத்தில் இதற்கு ‘அந்தஸ்து’ என்று பெயர். பந்தலில் ‘ஆசீர்வாதம்’ என்று பெயர். சரக்கு ஒன்றுதான்.

*

‘அப்படியானால் ஒரு கிறிஸ்தவன் எப்படித்தான் வாழவேண்டும் என்கிறாய்?’ என்று கேட்பவர்களுக்கு நான் உபதேசம் சொல்லப்போவதில்லை. ஒரு மனிதரைக் காட்டுகிறேன்.

தஞ்சாவூரில் 1892-ஆம் வருஷம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா போய், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியைப் பற்றிப் படித்தார். இந்தியா ஏன் ஏழையாயிற்று என்று ஆராய ஆரம்பித்தவர், கணக்குப் புத்தகத்தில் கண்ட உண்மையைக் கண்டு தாமே அதிர்ந்துபோனார். குடும்பத்தின் பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார். ஜே. சி. குமரப்பா என்றால் இப்போது சிலருக்காவது தெரியும்.

1929-இல் அவர் காந்தியைப் பார்க்கச் சபர்மதிக்குப் போன கதை பிரசித்தம். மேல்நாட்டு உடை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் தடி. ஒரு மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த கிழவரை நின்று வேடிக்கை பார்த்தார். அவர்தாம் காந்தி என்று தெரிந்ததும், மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றார். அவருடைய வாழ்க்கையே அந்தத் தரையில் திரும்பிற்று என்று சொல்லலாம்.

ஆனால் இந்தத் தாழ்மை ‘ஆமாம் சாமி’ போடுகிற தாழ்மையா? அதைத்தான் கவனிக்க வேண்டும். 1934-இல் பீகாரில் பூகம்பம் வந்தபோது நிவாரணப் பணத்துக்குக் கணக்கு வைக்கிற பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருடைய அன்றாடச் சாப்பாட்டுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியும் அவருடைய பரிவாரமும் அங்கே வந்தார்கள். உங்கள் ஆட்களின் செலவுக்கு இந்தப் பணத்திலிருந்து எடுக்க முடியாது என்று காந்தியின் செயலாளரிடமே சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். பூகம்பத்தில் வீடிழந்தவனுடைய காசுக்கு முன்னால் மகாத்மாவும் ஒரு விருந்தாளிதான்! தனக்குக் குறைவாக வைத்துக்கொண்டவனுக்குத்தான் பெரியவர்களிடம் கணக்குக் கேட்கிற தைரியம் வரும்.

அந்த வருஷமே தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். வெள்ளை அரசாங்கம் அவரைப் பலமுறை சிறையில் வைத்தது. கடைசி முறை ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று, நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று, இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், அவருக்கு அவை இரண்டு விஷயங்களாகத் தோன்றவில்லை என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புத்தகம், மற்ற ஆறு நாளுக்கு ஒரு புத்தகம் என்று அவர் எழுதவில்லை. உயிரினங்கள் பிழைக்கிற வகைகளைப் பார்த்து மனிதப் பொருளாதாரத்தை அவர் தரம் பிரித்தார். பிறரைக் கொன்று தின்னும் ஒட்டுண்ணி வாழ்க்கை ஒன்று. பறித்துத் தின்னும் வாழ்க்கை ஒன்று. உழைத்துத் தின்பது ஒன்று. கூட்டத்தின் நன்மைக்காக உழைப்பது ஒன்று. பலனை எதிர்பாராமல் சேவை செய்வது எல்லாவற்றுக்கும் மேலானது. நான் உண்ணும் சோற்றில் யாருடைய கூலி கலந்திருக்கிறது? அவருடைய பொருளாதாரமும் இதைத்தான் கேட்டது. அவருடைய மதமும் இதைத்தான் கேட்டது.

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் வாழ்ந்தார். அவருடைய அறையில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் இருந்தது என்றும், யார் என்று கேட்டவர்களிடம், தம் குருநாதர் காந்திக்குக் குருநாதர் இவர் என்று சொன்னார் என்றும் சொல்வார்கள். 1960-ஆம் வருஷம், காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி, சென்னையில் இறந்தார். லண்டனில் படித்த தணிக்கையாளர் அவர். நினைத்திருந்தால் பம்பாயில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்! ‘ஆசீர்வாதம் பெறாத ஆத்மா’ என்று எங்கள் பிரசங்கியார் அவரையும் பட்டியலில் சேர்ப்பாரோ என்னவோ.

குமரப்பா ஒருவர்தானா? திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு டாக்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தமிழர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை ஃபாரஸ்டர் பேட்டன். மணம் செய்துகொள்ளாமல், கதர் கட்டிக்கொண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். ‘ரெவரெண்டு’, ‘டாக்டர்’, ‘தலைவர்’ என்று பெயருக்கு முன்னால் சரம் கட்டித் தொங்கவிடுகிற இந்தக் காலத்தில், ‘அண்ணன்’ என்ற பட்டத்தோடு திருப்தியடைந்த இருவர்!

இன்னும் பின்னால் போனால் தஞ்சாவூர் சுவார்ட்ஸ் பாதிரியார். 1779-இல் கம்பெனியாருக்காக ஹைதர் அலியிடம் தூது போனார். ஹைதர் வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தார். அதைத் தம்முடையதாக வைத்துக்கொள்ள மனம் இல்லாமல் சென்னை அரசாங்கத்தாரிடம் கொடுக்கப் போனார். அவர்கள் வாங்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடம் வைக்க அதையே முதலாகப் போட்டார்.

என் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரையும் சொல்லாமல் விடமாட்டேன். தமிழில் முதல் நாவலை 1879-இல் அச்சிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளை எல்லாம் சோறாக்கிப் போட்டவர் அவர். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார். ஒரு சைவ பக்தர் ஒரு கிறிஸ்தவர்மேல் பாடினார் என்பதைக் கவனியுங்கள். போட்ட சோற்றுக்கு மதம் தெரியவில்லை. பாடிய வாய்க்கும் தெரியவில்லை.

*

“இவர்களெல்லாம் மகான்கள். நாங்கள் குடும்பஸ்தர்கள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டும்; பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவேண்டும். மூன்றணாவில் வாழச் சொல்கிறாயா?” என்று வாசகர்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லை ஐயா. நானே மூன்றணாவில் வாழத் தயாராக இல்லை. மின்விசிறி வேண்டாம், மருந்து வேண்டாம், நல்ல பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீடு ஆசைப்படுவது பாவம் என்றும் சொல்லவில்லை.

மகான்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய பட்டினியை அல்ல. அவர்கள் கேட்ட கேள்வியை. ‘எனக்கு எவ்வளவு போதும்?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறவனுக்கு, ‘இவனுக்கு எவ்வளவு பாக்கி?’ என்ற அடுத்த கேள்வி தானாக வரும். முதல் கேள்வியைக் கேட்காதவனுக்கு இரண்டாவது கேள்வி எந்தக் காலத்திலும் வராது. என் நண்பரின் வீட்டில் வெல்வெட் உறைக்கு நேரத்தில் பணம் போயிற்று. பந்தலுக்குப் போயிற்று. பிரியாணிக்காரருக்கு முன்பணமாகவே போயிற்று. சுவர் எழுப்பியவளுக்கு மட்டும் நான்கு வாரம் பாக்கி. கெட்ட எண்ணத்தினால் அல்ல. அவள் பந்தலுக்குப் பின்னால் இருந்தாள், கண்ணில் படவில்லை. அந்தஸ்து என்பதே கண்ணில் படுகிறவர்களுக்காகச் செலவு செய்கிற வியாதி.

இந்த வியாதி கிறிஸ்தவர் வீட்டு வியாதி என்று நினைத்து மற்றவர்கள் சிரிக்கவேண்டாம். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் மேலேயே உபயதாரர் பெயரையும் தகப்பனார் பெயரையும் கடை விலாசத்தையும் எழுதி, வெளிச்சம் வராமல் செய்தவர்கள் நாம்தாம். சன்னிதியில் சிறப்புத் தரிசனச் சீட்டுக்கு ஒரு வரிசையும் தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசையும் வைத்துக்கொண்டு, ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று பேசுகிறவர்களும் நாம்தாம். அவர்களுடைய துணித் திரை புதியது. நம்முடைய இரும்புக் கம்பி பழையது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் கிறிஸ்தவர்களிடம் நான் ஒரு படி கூடுதலாகக் கோபித்துக்கொள்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அவர்களிடம் கூடுதலான ஒன்று இருக்கிறது என்பதுதான். பிறக்க இடமில்லாமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைக் கும்பிடுகிறார்கள். இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டி, எல்லோரையும்விட அதிகம் போட்டவள் இவள் என்று சொன்னவரைக் கும்பிடுகிறார்கள். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட இரவிலேயே செத்துப்போன பணக்காரனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக்கு ஜெபம் பண்ணுகிறார்களே என்றுதான் ஆதங்கம்.

*

முடிக்குமுன் என் கணக்கையும் சொல்லவேண்டும்.

நானும் வீட்டில் ஓர் அறை கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு என்று ஒரு தனி அறை! கதாசிரியனின் அந்தஸ்து. பிரதிஷ்டைக்குப் போய்வந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கோபமாக எழுதிக்கொண்டிருந்தபோது, சாளரத்துக்கு வெளியே மணல் சலித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். அந்த அம்மாள் வேறு, இந்த அம்மாள் வேறு. ஆனால் அதே மாதிரி சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நான் மேஸ்திரியிடம் வாராவாரம் ஒழுங்காகப் பணம் கொடுத்துவிடுகிறவன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. மேஸ்திரி அவளிடம் கொடுக்கிறாரா? அவளுக்கு எவ்வளவு கூலி? அவள் பெயர் என்ன? மூன்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

எழுந்து போய்க் கேட்டேன். இரண்டு வாரக் கூலி நின்றிருந்தது. மேஸ்திரிக்கு வேறு இடத்தில் பணம் மாட்டிக்கொண்டதாம்; என் பணத்தை எடுத்து அங்கே போட்டிருக்கிறார். “ஏம்மா, என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்றேன். “நீங்க எழுதிக்கினு இருந்தீங்க சார்” என்றாள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் கூலியை நானே என் கையால் கொடுத்தேன். மேஸ்திரிக்கு வருத்தம், தம்மை நம்பவில்லை என்று. பட்டுக்கொள்ளட்டும். முதல் அம்மாளுக்காக வீட்டுக்காரரிடம் பேசவும் பேசினேன். மிகவும் தாமதமாகத்தான் பேசினேன். அவர் முகம் சிவந்தது. “மேஸ்திரிகிட்ட மொத்தமாக் கொடுத்துட்டேனே சார்!” என்றார். கொடுத்திருக்கலாம். மேஸ்திரி வந்து ஓனர் கொடுக்கவில்லை என்றிருக்கலாம். யார் சொல்வது மெய் என்று கண்டுபிடிக்க நான் நீதிபதி அல்ல. ஆனால் மறுநாள் அவரே அந்த மேஸ்திரியைத் தேடிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மாளுக்கு இரண்டு வாரக் கூலி கிடைத்தது. மீதி இரண்டு வாரம்? அந்த ஆட்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவரிடம் அந்தப் பணம் ஓர் உறையில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்கிறார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்கிறார்.

நானும் அன்று அந்தக் குழாயடியில் அவள் பெயரைக் கேட்கவில்லை.